அப்பவே பாத்தேன்

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் மாலை எங்கள் பேராசிரியரோடு நின்றிருந்தேன். எங்கள் கல்லூரி வேதியியல் துறைக்காரர் ஒருவர் மஞ்சள் பையோடு ஓடி வந்தார். திருச்செந்தூரில் மைத்துனனுக்கு நிச்சயதார்த்தம், ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே, கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த வண்டியில் ஏறினார். பேராசிரியர் அந்த மனிதரின் பையை வாங்கி உள்ளே கொடுத்தார். ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்தார். பெட்டிக்கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கி ஜன்னல் வழியாக நீட்டி, "பைய போய்ட்டு வாரும்வே" என்றார். வண்டி வளைவில் திரும்பி மறைந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார்.

"அது தூத்துக்குடி வண்டி" என்றார்.

"சார், ஏறும்போதே சொல்லியிருக்கலாமே?"

"போர்டு போட்டிருக்குல்லா. அவரு போர்டப் பாக்கலைன்னு அப்பவே பாத்தேன்."

பிறகு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை போதுமா என்று விசாரித்தார். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வேதியியல்காரர் அலட்டல் பேர்வழி. அவருக்கு இது வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. பேராசிரியரின் கொடுமைகள் எல்லாமே அடுத்தவனுக்கு நடக்கும்போது கொஞ்சம் ருசியாகத்தான் இருந்தன.

அவர் எங்கள் இயற்பியல் துறையில் பேராசிரியர். நான் அதே துறையில் தற்காலிக விரிவுரையாளன். கம்ப்யூட்டர் அறையும் என் பொறுப்பு. அறை என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., செருப்பை வெளியே விடச் சொல்லும் ஓர் அட்டை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மனிதருக்கு வேர்த்தால் வேர்க்கட்டும், கம்ப்யூட்டருக்கு வேர்க்கக் கூடாது என்று நம்பிய காலம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றி, ஜோடி கலையாமல் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எழுத்தும் அப்படித்தான். அவர் கையெழுத்தில் ஓர் அடித்தல் திருத்தல் பார்த்தவர்கள் கிடையாது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணத்தை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

பிழை அவர் கண்ணுக்குத் தப்பாது. அடுத்தவர்கள் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அவருக்கு அதுவாக வந்து நிற்கும். ஆனால் கண்டதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டிக்கொள்வார், காத்திருப்பார். அவர் கண்ணாடி கையில் ஏறிவிட்டால் எங்கோ யாரோ எதையோ கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். அது யார், எது என்பதுதான் தெரியாது. அவரவர் தன் சட்டைப் பொத்தானை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வோம்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர் எங்கள் கருத்தரங்கில் பேச வந்தார். மணமாகிப் பத்து நாள். மனைவியையும் கூட்டி வந்து முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார். அவர் பலகையில் முதல் சமன்பாட்டை எழுதியதுமே இவர் கண்ணாடியைக் கழற்றினார். வந்தவர் மூன்று பலகை நிறைய எழுதி, வியர்த்து, கைதட்டலும் வாங்கி முடித்தார். அப்புறம்தான் இவர் எழுந்தார். "முத வரியில ஒரு மைனஸ் விட்டுப்போச்சு. அதுக்குப் பெறவு எழுதினது எதுவும் நிக்காது." குரலில் ஒரு கடுமை இல்லை. மூக்கில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அந்தப் பெண் புருஷனைப் பார்க்காமல் மடியில் கிடந்த கைப்பையைப் பார்த்தாள்.

கணிதத் துறையில் ஒருவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையின் அச்சுப்படியை இவரிடம்தான் கொடுத்தார். இவரைவிட நுணுக்கமாகப் படிக்க ஊரில் ஆள் கிடையாதே. ஒருநாள் வைத்திருந்து, "லட்சணமா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். அதில் முகூர்த்தத் தேதியும் கிழமையும் ஒத்துப்போகவில்லை. பெண் வீட்டுச் சொந்தத்தில் பாதிப்பேர் முதல் நாளே வந்து பூட்டிய மண்டபத்தின் முன்னால் நின்றார்கள். கணிதக்காரர் கண்ணீரோடு வந்து கேட்டபோது இவர் சொன்ன பதிலை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"படிக்கத்தானவே குடுத்தீரு? திருத்தவா குடுத்தீரு?"

இத்தனைக்கும் கெட்ட மனிதர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாள் கூடவே இருந்தவர் அவர். கஞ்சி வாங்கி வந்து, ஆற்றி, ஸ்பூனால் கொடுத்தார். எனக்கு அவர் மேல் பக்தி இருந்தது. கம்ப்யூட்டர் அறையை என்னிடம் கொடுக்கச் சொன்னவரும் அவரே. அந்தப் பக்தியைக் கழித்துவிட்டு இதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

அவருக்கு அமெரிக்காவில் ஒரு நண்பர் இருந்தார், கூடப் படித்தவர். ஊருக்கு வருகிறவர்கள் மூலம் இவர் உடன்குடி சில்லுக் கருப்பட்டி கொடுத்தனுப்புவார். அங்கிருந்து கம்ப்யூட்டருக்கான பிளாப்பி டிஸ்க் வரும். அப்படி வந்த பிளாப்பிகளில் ஒரு முறை ஒரு லைப்ரரி வந்தது. புத்தகம் இல்லை, புரோகிராம். எடை எப்படி விழும், ஸ்பிரிங் எப்படி இழுக்கும், காற்று எப்படித் தடுக்கும் என்பதற்கெல்லாம் தனித்தனித் துண்டுகளாக எழுதி வைத்திருந்தார்கள். நமக்கு வேண்டியதை எடுத்துக் கோத்துக்கொண்டால், ஊஞ்சலோ பாலமோ மரமோ கம்ப்யூட்டருக்குள் ஆடும். எழுதியவர்கள் எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் யாரும் படிக்கும்படி திறந்து கிடந்தது. இப்போது இதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயர். அன்று எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது.

தலைப்பில் ஒரு குறிப்பு இருந்தது. அதை அவர் துறையில் எல்லோரையும் கூட்டி வைத்து வாசித்துக் காட்டினார். இது இலவசம், யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், பிழை கண்டால் எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த பதிப்பில் திருத்தி உங்கள் பெயரையும் போடுகிறோம். வாசித்து முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தார்.

"அறிவ அடைச்சு வைக்காம இப்படித் தொறந்து போட்டிருக்கான் பாத்தீரா? நாமளும் அப்படித்தான் கொடுக்கணும்வே."

கொடுத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கோவில்பட்டியிலிருந்து இன்ஜினியரிங் பையன்கள் வந்தார்கள், தூத்துக்குடியிலிருந்து வாத்தியார்கள் வந்தார்கள். பிளாப்பியும் அவரே போட்டு, காப்பியும் வாங்கிக் கொடுத்து அனுப்புவார். தாமிரபரணி தண்ணீர் மாதிரி மனசு என்று சொன்னார்கள். நகல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எத்தனை எடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

தங்கபுஷ்பம் டீச்சருக்கும் என் கையால்தான் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் துறையில் என்னைப் போல அவளும் தற்காலிகம். என்னைவிட மூன்று வருஷம் மூத்த தற்காலிகம். உடன்குடிப் பக்கத்துக்காரி. அவள் அப்பா பனையேறி, பனையேறித்தான் மகளை எம்.எஸ்ஸி. படிக்க வைத்தார். கடற்கரைக் காற்றில் அத்தனை உயரப் பனை ஒடியாமல் ஆடுவது எப்படி என்பதுதான் அவளுடைய பிஎச்.டி. மரத்தை எடைகளும் ஸ்பிரிங்குகளுமாகக் கோத்து, உச்சியில் ஓலைக் கொண்டையை வைத்து, காற்றை விட்டு ஆட்டிப் பார்த்தாள். திரையில் வெள்ளைக் கோடுகளாலான ஒரு பனை ஆடும். பார்க்கவே அழகாக இருக்கும். காற்று நின்றதும் அது சட்டென்று அடங்கியது. ஓலைக் கொண்டைதான் மரத்துக்குப் பிரேக், யாரும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வலுவான பிரேக் என்று கண்டுபிடித்து எழுதினாள். அவளுடைய ஆய்வேடு முழுக்க நின்றது அந்த ஒரு முடிவின் மேல்தான்.

துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. டாக்டர் பட்டம் இருந்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் எனக்கு. இது எழுதாத ஏற்பாடு, ஆனால் துறையில் கூட்டிப் பெருக்குகிற ஆயாவுக்குக்கூடத் தெரியும். நேர்முகத் தேர்வுக்கு முன் அவள் பட்டம் வாங்கியாக வேண்டும். வாங்கிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவளுக்குத் தம்பி தங்கை நாலு பேர். அப்பாவுக்கு முட்டி தேய்ந்து ஏற முடியாமல் போயிருந்தது. அந்த வேலை அவளுக்கு என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் அவள் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். அவரும் நானும் இருந்தோம்.

"சார், ஒரு சந்தேகம். லீவுக்குப் போனப்ப அப்பாட்ட படத்தைப் பத்திச் சொன்னேன். 'மரம் அம்புட்டுச் சீக்கிரம் நிக்காதுட்டி'ன்னு சொல்லுதாவ. நானும் ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்தேன். நெசமாவே ரொம்ப நேரம் ஆடுது. புரோகிராம்ல எதுவும் தப்பு இருக்குமோ சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"உக்காருங்கம்மா" என்றார். "கடக்கரைக் காத்து என்னைக்கி முழுசா நின்னுது? நீங்க நின்னுட்டுன்னு நெனைக்கிய, அது மேல அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். மரத்த ஆட்டிக்கிட்டேதான் இருக்கும். ஒங்க அப்பா அனுபவஸ்தர், தப்புச் சொல்லுதாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இது ஒலகம் பூரா எத்தன பேர் வரி வரியாப் படிச்ச புரோகிராம். அத நம்பாம எத நம்பப் போறிய?"

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அதானே சார், காத்து நிக்காதுல்லா" என்று அவளே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஊரிலிருந்து கொண்டு வந்த கருப்பட்டியில் எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு சில்லு கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அவர் மேஜை இழுப்பறையில் காலி பிளாப்பி தேடினேன். அவரே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அடியில் அதே லைப்ரரியின் புதிய பதிப்பு கிடந்தது. உறையில் அமெரிக்கத் தபால்தலை. வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆர்வத்தில் போட்டுப் பார்த்தேன். திருத்தங்களின் பட்டியலில் முதலாவது: காற்றுத் தடைக் கணக்கில் பிழை. இந்தப் புரோகிராம் ஒவ்வொரு நொடியையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டும், ஒவ்வொரு துண்டையும் இரண்டு பாதியாக நடத்தும். தடையைப் பாதிக்குப் பாதியாகக் கழிக்க வேண்டும். பழைய பதிப்பில் இரண்டு பாதியிலும் முழுசாகக் கழித்திருந்தார்கள். தடை இரட்டிப்பாகிவிடும். அதில் எதை ஆட்டிவிட்டாலும் நிஜத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் பாதியிலேயே நின்றுவிடும்.

அதன் கீழே நன்றி. இப்பிழையைக் கண்டு, தாராள மனதோடு உடனே எழுதித் தெரிவித்த இன்னாருக்கு, பாளையங்கோட்டை, இந்தியா. அவர் பெயர். எழுத்துப் பிழை இல்லாமல், முதலெழுத்துகளோடு.

நான் அவர் பெயரை எழுதாததற்கு இதுதான் காரணம். அந்தப் பெயர் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போயிருக்கிறது. அந்த லைப்ரரியை உலகத்தில் எவன் இறக்கிக்கொண்டாலும் தாராள மனதோடு சேர்ந்தே அதுவும் இறங்கும். என் பங்குக்கு நானும் வேறு எழுத வேண்டாம்.

ஒன்றரை வருஷமாகப் புதியதை உள்ளே வைத்துக்கொண்டு பழையதை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். குறிப்பில் இருந்த எந்த நிபந்தனையையும் அவர் மீறவில்லை. வந்ததை வந்தபடி, ஒரு வரி மாற்றாமல் கொடுத்தார். தன் கட்டுரைகளுக்கு மட்டும் திருத்தியதைப் பயன்படுத்திக்கொண்டார்.

அவர் அறைக்கு வந்ததும் கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன்.

"அமெரிக்காக்காரனுக்கு ஒடனே எழுதியிருக்கிய. இங்க உள்ளவங்கள்ட்ட ஏன் சார் சொல்லல?"

"அவன் கேட்டிருக்கான்வே. தப்பு இருந்தா எழுதுங்கன்னு எழுத்துல கேட்டிருக்கான். ஒரு ஏரோகிராம் போட்டேன். இங்கன எவன் கேட்டான்?"

"புஷ்பம் டீச்சர் கேட்டாங்களே சார். ஒங்க முன்னால நின்னு கேட்டாங்களே."

அவர் பிளாப்பியை வாங்கி உறைக்குள் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவ சந்தேகப்பட்டா. நான் ரெண்டு வார்த்த சொன்னதும் விட்டுட்டா. அப்பன் சொன்னதையும் விட்டுட்டா, தான் கையால அளந்ததையும் விட்டுட்டா. சொன்னா மறந்துருவாவே. விழுந்தா மறக்க மாட்டா."

"அவங்க வேல போயிரும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் சின்னவை, ஈரமானவை.

"இப்ப ஒமக்கும் தெரியும்லா. நீரு சொல்லும். நான் தடுக்கலையே."

ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. அன்றைக்கே சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி, மறுபடி எழுதி எப்படியாவது ஒப்பேற்றியிருப்பாள். ஓலை இரட்டைப் பிரேக் என்பது போய் வேறு ஏதாவது உண்மையாகவே கிடைத்திருக்கும். பைய சொல்லலாம் என்று வைத்தேன். அவள் என்னோடு ஒரே பஸ்ஸில் முருகன்குறிச்சி வரை வருவாள். மதியம் ஒரே மேஜையில் சாப்பிடுவோம்; அவள் டிபன் பாக்ஸிலிருந்து கருவாட்டுத் துண்டு என் தட்டுக்கு வரும். ஒவ்வொரு நாளும் வாய் வரை வந்தது. வராமல் என்ன? திங்கட்கிழமை சொல்லலாம், அவள் தங்கைக்குப் பரீட்சை முடியட்டும், டைப்பிங்குக்குக் கொடுத்துவிட்டாளே இனி எதற்கு அவளைக் கலவரப்படுத்துவது என்று நாளுக்கொரு காரணம் கிடைத்தது. காரணம் தேடுவதில் நான் கெட்டிக்காரன். ஆய்வேடு கறுப்பு அட்டை, தங்க எழுத்தோடு பைண்டாகி வந்தது. முதல் பக்க நன்றியில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது.

பொது வாய்மொழித் தேர்வு எங்கள் கல்லூரி அரங்கிலேயே நடந்தது. அது ஒரு கல்யாணம் மாதிரி. வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் ஆய்வேட்டை ஏற்கெனவே படித்துச் சம்மதித்திருப்பார்கள். அவையில் யாரும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. முன்பே சொல்லி வைத்த நண்பர்கள் ரெண்டு பேர் எழுந்து சுலபமாக ஏதாவது கேட்பார்கள். பிறகு எல்லோருக்கும் டிபன். புஷ்பம் கேசரியும் வடையும் காப்பியும் சொல்லியிருந்தாள். அப்பா சலவை வேட்டியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி, வந்தவர்களுக்குக் கொடுக்க.

கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து அரங்கில் வைக்கச் சொன்னவர் பேராசிரியர்தான். "படம் ஆடினா எல்லாருக்கும் புடிக்கும்மா" என்று அவளிடம் சொல்லி, மேஜையும் அவரே போட்டுக் கொடுத்தார். கம்ப்யூட்டரை இயக்க நான் உட்கார்ந்தேன்.

அவள் நன்றாகப் பேசினாள். வெள்ளைக் கோட்டுப் பனை ஆடியது, அடங்கியது. கைதட்டினார்கள். அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார் தேர்வாளர். பேராசிரியர் எழுந்தார்.

"பெரிய கேள்வி ஒண்ணும் இல்ல. பனை இருக்கட்டும். ஒரே ஒரு குண்டு, ஒரு கயிறு, கொஞ்சம் காத்து. இத ஓட்டிப் பாத்திருக்கியளாம்மா?"

"காத்து இல்லாம ஓட்டியிருக்கேன் சார். சரியா வந்துது."

"காத்தோட ஓட்டுவமே. பி.எஸ்ஸி. பிள்ளைய போடுத கணக்குதான? ஊசல் ஆட்டம் பாதியாக் கொறைய எத்தன தடவ ஆடணும்னு பலகையில போடுங்க."

அவள் போட்டாள். நாற்பது என்று வந்தது. நான் அதே எண்களைத் தட்டினேன். என் விரல்தான் அந்தக் கடைசிப் பொத்தானை அழுத்தியது.

திரையில் குண்டு ஆட ஆரம்பித்தது. அவர் எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு..." பின்வரிசை மாணவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது, ஐந்திலிருந்து அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது மாதிரி அரங்கமே எண்ணியது. பன்னிரண்டில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் திரையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் அப்பாவைப் பார்த்தாள். அவரும் ஒன்றும் தெரியாமல் மற்றவர்களோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். இருபதில் ஆட்டம் பாதியாகிவிட்டது.

"புஸ்தகம் நாப்பதுன்னு சொல்லுது" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசினார்கள். எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்த்து, முடிவுகளைத் திருத்தி எழுதி, ஒரு வருஷத்துக்குள் திரும்பக் கொடுக்கட்டும் என்றார்கள். நேர்முகத் தேர்வு இரண்டு மாதத்தில் இருந்தது. டிபனுக்குச் சொன்னது சொன்னதுதானே, இலை போட்டார்கள். கேசரியை அவளே ஒவ்வோர் இலைக்கும் வைத்துக்கொண்டு வந்தாள். அப்பா பின்னாலேயே கருப்பட்டி வைத்துக்கொண்டு வந்தார்.

"மரம் அம்புட்டுச் சீக்கிரம் நிக்காதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லாட்டி" என்று அவர் மகளிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. குற்றம் சொல்லவில்லை. சமாதானம் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

பேராசிரியர் இலைக்கு வந்ததும் அவள் கரண்டியோடு நின்றாள். "சார், நீங்க மட்டும் கேக்கலைன்னா இந்தத் தப்போடயே டாக்டர்னு போட்டுக்கிட்டு அலைஞ்சிருப்பேன். ரொம்ப நன்றி சார்."

"பரவால்லம்மா" என்றார் அவர். "கேசரி நல்லாருக்கு."

அடுத்த இலை என்னுடையது. "நீங்களும் இதே புரோகிராமத்தான வச்சிருக்கிய? பாத்துக்கிடுங்க, எங்கயோ தப்பு இருக்கு" என்றாள். அழுது முடித்த கண். அந்த நேரத்திலும் நான் விழுந்துவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. "சரிங்க டீச்சர்" என்றேன்.

பிழையான வரியை அவள் ஒரே வாரத்தில் தானே தேடிப் பிடித்தாள். பிடித்த அன்றே நகல் வாங்கிப்போன அத்தனை பேருக்கும் கார்டு போட்டாள். கோவில்பட்டிப் பையன்களுக்கு, தூத்துக்குடி வாத்தியார்களுக்கு, முகம் தெரியாதவர்களுக்கு. இந்த எண்ணுள்ள வரியில் தடையைப் பாதியாக்கிக்கொள்ளவும், இப்படிக்குத் தங்கபுஷ்பம். முகவரிப் பட்டியலை என்னிடம்தான் கேட்டு வாங்கினாள். அந்தப் பருவத்தோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய், ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்ந்தாள். ஆய்வேட்டைத் திருத்திக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இடம் எனக்குக் கிடைத்தது. உத்தரவு கைக்கு வந்த அன்று லாலா கடையில் லட்டு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. வேலையை உறுதிசெய்யும் அறிக்கையில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் உத்தரவை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிழை ஒன்றும் இல்லை போலிருக்கிறது, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மேஜையில் புஷ்பத்தின் கார்டு கிடந்தது. அவருக்கும் போட்டிருக்கிறாள்.

"பாத்தீரா, வரிய சரியாப் புடிச்சிட்டா" என்றார். "கெட்டிக்காரி." நிஜமான பெருமை இருந்தது அந்தக் குரலில். ஒரு லட்டை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் மேஜையைப் பார்க்கவில்லை, கார்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நிதானமாகத் துடைத்தார்.

"மூணு மாசம் இருந்துது ஒமக்கு. டெய்லி அவ கூடத்தான சாப்பிட்டீரு. நீரு சொல்ல மாட்டீருன்னு அப்பவே பாத்தேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இன்னொரு லட்டுக்குக் கை நீட்டினார். நான் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். பிறகு குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்த வேலையில்தான் ஓய்வு பெற்றேன்.